மூணு பேஸ் வந்தா ஒரு மிஸ்டு கால்

போன வாரம் திருப்பதியிலிருந்து ஒரு கல்லூரிக்காரர் கூப்பிட்டார். மாணவர்களிடம் இருபது நிமிடம் பேச வேண்டுமாம். "புதுத் தொழில் யோசனை, டெக்னாலஜி, கொஞ்சம் மோட்டிவேஷன், அவ்வளவுதான் சார்" என்றார். மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள், உடம்பு சரியில்லை, வர இயலாது என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்று காலை இரண்டாயிரத்து நானூறு அடி நடந்துவிட்டு வந்துதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். உண்மைக் காரணத்தை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

மறுத்த அன்று மாலை போனுக்கு பேட்டரி மாற்றச் சித்தூர்க் கடைத்தெருவுக்குப் போனேன். ரிப்பேர் கடைக்காரர் குனிந்து சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். ஈயம் உருகும்போது கூடவே ரெசின் புகைந்து ஒரு வாடை எழும். இனிப்பா கசப்பா என்று சொல்ல முடியாது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் கடையில் இல்லை. பாலிடெக்னிக்கின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் நிற்கிறேன். மேசைகள் பதினாறு. சால்டரிங் கோல்கள் பதினாறு, சூடாகிறவை ஒன்பது. ஜன்னலோர இரண்டாவது மேசையில் நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு ரேவதி பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் அங்கே முப்பத்தோரு வருடம் விரிவுரையாளராக இருந்தேன். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது, மாணவர்களுக்கு ஊக்கம் ஊட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. யாருக்கும் வேண்டாத அந்த வேலையை முதல்வர் என் தலையில் கட்டினார். திங்கட்கிழமை முதல் மணியில் பத்து நிமிடம் நான் பேச வேண்டும். முதல் வாரம் எழுதி வைத்துப் படித்தேன். ஐந்தாவது வாரம் பத்து நிமிடம் போதவில்லை. வேலை தேடுகிறவர்களாக இருக்காதீர்கள், வேலை கொடுக்கிறவர்களாக மாறுங்கள் என்று மேசையைத் தட்டுவேன். அந்த வருடம் முப்பத்தெட்டு முறை பேசினேன். நான் மட்டும் இருபத்தெட்டு வருடமாக ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் மீட்டர் சார். எண்ணிக்கொண்டே இருப்பேன், ஓடிக்கொண்டும் இருப்பேன்.

ரேவதிக்குப் பிச்சாட்டூர் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, டிப்ளமோவில் இங்கிலீஷ். எங்கள் எல்லைக்கோட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான், நான் உட்பட. சந்தையில் பேரம் தெலுங்கில் நடக்கும், கோபம் தமிழில் வரும். ஒரு திங்கட்கிழமை பேச்சு முடிந்ததும் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"சார், நீங்க பேசறத கேட்டா நிக்கற பஸ்ஸு கூட தானா ஸ்டார்ட் ஆயிடும் போலக்கீது."

"கிண்டலா?"

"பாதி கிண்டல் சார். மீதிக்கு ஒரு ஐடியா கீது."

அவள் அப்பா முனிரத்தினத்துக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு போர்க்கிணறும். மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் மூணு பேஸ். அது எப்போது வரும் என்று அந்த நாளில் யாருக்கும் தெரியாது. வந்தால் இரண்டு மணி நேரம் இருக்கும், சில நாள் இருபது நிமிடம். அதனால் மனிதர் கட்டிலை மோட்டார் கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டார். "எங்க நைனா ஊட்ல தூங்கி ரெண்டு வருஷம் ஆவுது சார். பாம்பு ரெண்டு தபா தாண்டிப் போச்சு" என்றாள்.

அவள் யோசனை இதுதான். ஒரு பெட்டி. உள்ளே பழைய பட்டன் போன் ஒன்று. மூணு பேஸ் வந்ததும் பெட்டி அப்பாவின் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். வீட்டிலிருந்தபடியே அவர் பெட்டிக்குத் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இரண்டு கொடுத்தால் நிற்கும்.

மிஸ்டு கால் அப்போது ஒரு தனி பாஷை. ஒரு மணி அடித்து அறுந்தால் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டு என்றால் வாசலுக்கு வா. எடுத்துப் பேசிவிட்டால் பேசியவன்தான் முட்டாள். இயந்திரத்தையும் அந்தப் பாஷை பேச வைக்கலாம் என்று இந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தெட்டு பேச்சுக்கு விளைந்த ஒரே கதிர் என்று நினைத்தேன். அதுதான் கோளாறு. கதிர் என்னுடையது என்று நினைத்துவிட்டேன்.

திருப்பதியில் மாணவர்களின் தொழில் யோசனைகளுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். கடைசிச் சுற்றில் பன்னிரண்டு குழுக்கள். முதலில் வருகிறவர்களுக்கு ஓர் அறை, கருவிகள், ஒரு வருடம் உதவி. பெட்டியைச் செய்து விற்கத் தொடங்கலாம். ரேவதி கடைசிச் சுற்றுக்குத் தேர்வானாள். அதே வாரம் ஏர்பேடு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அவளுக்கு வேலைக்கான உத்தரவும் வந்தது. சேர வேண்டிய நாளும் போட்டி நாளும் ஒன்று. மணியும் ஒன்று, காலை பத்து.

காகிதத்தை என் மேசையில் வைத்தாள். "ரெண்டும் ஒரே நாளு சார். நான் எங்க போவட்டும்?"

"வேலை எங்கேயும் ஓடிடாதும்மா. மறுநாள் போய்ச் சொல்லிக்கலாம். மேடை ஒருதரம்தான்."

"நைனா வேலைக்குத்தான் போவச் சொல்றாரு."

"நைனாகிட்ட நான் பேசறேன்."

பேசினேன். முனிரத்தினம் போனில், "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரி சார். அந்த வேல பூட்ச்சின்னா?" என்று கேட்டார்.

"போகாது" என்றேன். எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறவன், இதை மட்டும் எண்ணாமல் சொன்னேன்.

பத்து நாள் பயிற்சி கொடுத்தேன். நடுவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் இருபத்து மூன்றை இங்கிலீஷில் எழுதி, பதில்களை இங்கிலீஷில் மனப்பாடம் செய்ய வைத்தேன். முதல் கேள்வியே, இந்தப் பொருளுக்கு என்ன தேவை என்பதுதான். பாம்பு, கொட்டகை, அப்பாவின் தூக்கம் என்று நாற்பது விநாடியில் அவள் சொல்லும் பதிலைக் கேட்டால் கல்லும் எழுந்து உட்காரும்.

போட்டி நாள் அப்பாவும் மகளும் புத்தூரில் பஸ் மாறி வந்தார்கள். முனிரத்தினம் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். மண்டபத்தில் நூற்றுப் பதினாறு பேர். நான் நான்காவது வரிசை, என் பக்கத்தில் முதல்வர். முனிரத்தினம் உள்ளே உட்காரக் கூச்சப்பட்டுக் கதவோரம் நின்றார். வெளியே போனில் சிக்னல் நான்கு கோடு. உள்ளே வந்ததும் ஒன்று. அந்த ஒன்றும் வந்து வந்து போனது.

ஏழாவதாக ரேவதியைக் கூப்பிட்டார்கள். மோட்டாருக்குப் பதில் மேசையில் ஒரு பல்பு. சுவிட்சைப் போட்டாள், மூணு பேஸ் வந்துவிட்டது என்று கணக்கு. இப்போது பெட்டியிலிருந்து அவள் கையிலுள்ள போனுக்கு மிஸ்டு கால் வர வேண்டும். வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது, பத்து. பின் வரிசையில் யாரோ செருமினார்கள். பதினான்கு. நடுவில் உட்கார்ந்திருந்த நடுவர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அவள் பயத்தைப் பார்த்து, இங்கிலீஷை விட்டுவிட்டு, தெலுங்கில் கனிவாகக் கேட்டார்.

"தீனிகி அவசரம் உந்தாம்மா?"

ரேவதி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. "அவசரம் லேது சார்" என்றாள்.

மண்டபம் சிரித்தது.

தெலுங்கு தெரியாத உங்களுக்கு விளக்க வேண்டும். தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம், பரபரப்பு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. பரபரப்புக்கு அவர்கள் சொல்வது 'தொந்தர'. அது நம் காதுக்குத் தொந்தரவு. எங்கள் எல்லை வீடுகளில் இந்த இரண்டு அவசரமும் ஒரே வாயில் குடியிருக்கும். சாதாரண நாளில் இடம் பார்த்துச் சரியாக வெளியே வரும். பயந்த நேரத்தில் தாய் வீட்டு அர்த்தம்தான் முந்திக்கொள்ளும். அவர் கேட்டது, இந்தப் பெட்டிக்குத் தேவை இருக்கிறதா என்று. போன் வராமல் தவிக்கிறோமே, அவசரப்படுத்துகிறாரோ என்று பயந்திருந்தவளுக்கு அது, அவசரமா என்று காதில் விழுந்தது. அவசரமில்லை சார், பொறுமையாகப் பாருங்கள் என்ற மரியாதையில் பதில் சொன்னாள். தேவையில்லை சார் என்று அவர்களுக்குக் கேட்டது.

"செய்தவளே தேவையில்லை என்றால் நாங்கள் என்னம்மா சொல்வது?" என்று நடுவர் அதே அவசரத்தை வைத்துத் தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். மறுபடியும் சிரிப்பு. அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. மண்டபத்தில் புரிந்தவர்கள் கதவோரம் நின்ற முனிரத்தினமும் நானும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நான் எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்தப் பெண் தமிழ் வீட்டுப் பெண், அவள் சொன்ன அவசரம் வேறு. அவ்வளவுதான். மேசையைத் தட்டி முப்பத்தெட்டு முறை பேசியவன். முதல்வர் பக்கத்தில் இருக்கிறார், நடுவர் பெரிய மனிதர், நடுவில் குறுக்கிடலாமா, யாராவது எழுப்பினால் எழலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் பதில் சொன்னதற்கும் 'தேங்க்யூ, நெக்ஸ்ட்' என்று அறிவித்ததற்கும் நடுவே பதினோரு விநாடி. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெட்டியை அணைத்துக்கொண்டு அவள் மேடைப் படியில் இறங்கும்போது கையிலிருந்த போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. சரியாக ஒரு மிஸ்டு கால்.

வாசலில் முனிரத்தினம் மகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அவசரம் லேதுன்னு சொல்லிட்ட?"

"அவரு அவசரமான்னாரு. இல்லன்னேன். இன்னா நைனா தப்பு?" என்றவள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அழவில்லை. துண்டை வாங்கிப் பெட்டியைச் சுற்றினாள்.

மூவரும் திரும்பிய பஸ்ஸில் புத்தூர்வரை பெட்டி அவள் மடியில் இருந்தது. இறங்கும்போது அவள்தான் பேசினாள். "சார், இருபத்து மூணு கேள்வி கேட்டீங்க. அதுல ஒண்ண தெலுங்குல கேட்டிருந்தீங்கன்னா..." முடிக்கவில்லை. முனிரத்தினம், "சும்மா இரும்மா, சார் காலைல இருந்து ஒண்ணும் துன்னல" என்றார். அவருடைய அந்தக் கரிசனம்தான் எனக்கு அன்று தாங்கவில்லை.

மறுநாள் தொழிற்சாலை வாசலுக்கு நானும் கூடப் போனேன். உள்ளே விடவில்லை. வாசல்காரர் பட்டியலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நேத்து வரணும்மா. வராதவங்க எடத்துல வேற ஆள எடுத்துட்டாங்க" என்றார். நான் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரேவதி என்னிடம், "நீங்க காலேஜுக்குப் போங்க சார், லேட் ஆயிடும்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் நான்கு நிமிடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் அந்தப் பத்து நிமிடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சென்ற தையில் ஒரு கல்யாணத்துக்காகப் பிச்சாட்டூர் போனவன், கேட்டுக் கேட்டு முனிரத்தினத்தின் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பட்டப்பகலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையைக் காணோம், அந்த இடத்தில் நான்கு வாழை. என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"சார், இன்னும் எண்ணிக்கினுதான் கீறீங்களா?"

"பழக்கம் விடல."

"இப்போ பகல்லயே மூணு பேஸ் குடுத்துட்றாங்க சார். அந்த மாதிரி பொட்டியும் கடையில விக்குது. செல்லுலயே ஆன் பண்ணலாமாம். நம்ம பாப்பா அப்பவே செஞ்சிச்சி." குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, சத்தியவேடு பக்கத்தில் வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்து, இப்போது ஒரு ஷிப்டுக்கு அவள்தான் மேற்பார்வையாம். அவளுக்குக் கீழே நாற்பது பேர்.

"போன் போட்டுக் குடுக்கட்டா சார்? சந்தோசப்படும்."

அவசரமில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "வேலை நேரமா இருக்கும், நம்பர் மட்டும் குடுங்க" என்றேன். பத்து இலக்கங்களையும் இரண்டு முறை சொல்லிச் சரிபார்த்துப் பதிந்துகொண்டேன்.

பல மாதமாகிறது. சாயங்காலங்களில் அந்த எண்ணை எடுத்துப் பார்க்கிறேன். முன்பெல்லாம் என்றால் ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடலாம். சார் நினைத்துக்கொண்டார், சாருக்கு இன்னும் மனசு ஆறவில்லை, எதுவாக இருந்தாலும் அந்த ஒரு மணியில் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். யாரும் எடுத்துப் பேச வேண்டியதில்லை. அந்தப் பாஷை ஒழிந்துவிட்டது. இப்போது யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்கள். எடுத்து, சொல்லுங்க என்கிறார்கள்.