வேலை இல்லை என்று யார் எழுதித் தருவார்?

தச்சநல்லூருக்கு வடக்கே இருந்த ஒரு நூல் ஆலையில், நூலைக் கூம்புக் கட்டைகளில் சுற்றும் கோன் பிரிவில் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவள் நான். இயந்திரச் சத்தத்திலேயே கிடந்ததால் வீட்டிலும் என் குரல் உரத்துத்தான் வரும். "ஏட்டி, இது மில்லு இல்ல, பைய பேசு" என்பார் என் வீட்டுக்காரர்.

வெளியூர் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. நூல் மூட்டைகள் குடோனில் கூரையைத் தொடுமளவு ஏறின. அதன்பின் ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்குப் போன எங்களை மானேஜர் வாசலிலேயே நிறுத்தினார்.

"யாரையும் வேலையவிட்டு எடுக்கல. மெஷினத்தான் நிப்பாட்டி வச்சிருக்கோம். தெனமும் காலைல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, பாதிச் சம்பளம் வரும். வராதவங்களுக்குக் கெடையாது" என்றார்.

வேலை போகவில்லை என்ற சொல்லைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். எனக்கும் அன்று அது ஆறுதலாகவே இருந்தது.

என் பக்கத்து இயந்திரத்தில் நின்றவளை மதினி என்று கூப்பிடுவேன். உறவு கிடையாது, என்னைவிட மூத்தவள், அவ்வளவுதான். அவள் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடந்தது. மதினியின் சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் காப்பீட்டில்தான் அந்தச் செலவு ஓடியது. ஆகவே மற்றவர்களைப் போல அவளால் வேறு வேலை தேடிப் போக முடியவில்லை. ஆலையில் அவள் பெயர் இருக்க வேண்டும்.

தினமும் நாங்கள் இரண்டு பேரும் நடந்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவோம். சில வாரங்களில் பாதிச் சம்பளமும் நின்றது. கேட்டால், "ஓனருக்கே பேங்குல நெருக்குதாவ" என்றார்கள். கையெழுத்து மட்டும் நிற்கவில்லை. வராமல் போனால் தானாக வேலையை விட்டதாக ஆகிவிடும் என்று பயந்தோம்.

அப்போதுதான் டிவியில் கேட்டதாக மதினி ஒரு செய்தி கொண்டுவந்தாள். "ஏளா, வேலை போனவங்களுக்குக் கவர்மெண்டு சம்பளத்துல பாதி குடுக்காம்! காப்பீடு கட்டுனவங்களுக்கெல்லாம் உண்டாம்" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மறுநாளே பஸ் ஏறிக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். எங்களை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அட்டை எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் வேலையில இருக்கதாத்தான் காட்டுது" என்றாள்.

"வேலையில இருந்தா நாங்க இங்கன எதுக்கு வாறோம் தாயி?" என்றாள் மதினி.

"புரியுதும்மா. ஆனா வேலையவிட்டு எடுத்தாச்சுன்னு உங்க மில்லுல எழுதித் தரணும். நீங்களா விட்டதா இருந்தா கெடைக்காது. அந்த லெட்டர் இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது."

மதினி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அதிகாரிக்கும் எங்களை எழுப்ப மனம் வரவில்லை. பின்னால் நின்றவர் கனைத்த பிறகுதான் எழுந்தோம். அந்த அதிகாரிப் பெண் சிடுசிடுத்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம் என்று பஸ்ஸில் எனக்குத் தோன்றியது.

ஆலையில் மானேஜரைப் பிடிக்க நான்கைந்து நாள் காத்திருந்தோம். கடைசியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"எடுத்தாச்சுன்னு எழுதுனா எல்லாருக்கும் கணக்கு முடிச்சுக் குடுக்கணும். எங்க போவேன்? எனக்கே நாலு மாசமா சம்பளம் இல்ல. வேணும்னா நீங்களா விட்டுட்டதா எழுதிக் குடுங்க, உங்க சேமநிதிய எடுக்க ஏற்பாடு செய்யுதேன்."

பொய் சொல்லவில்லை அவர். அவருடைய சட்டைக் காலரும் கிழிந்துதான் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் மதினிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆலை பணம் கட்டாததால் காப்பீடு முடிந்துவிட்டது, அடுத்த முறை கையிலிருந்து கட்ட வேண்டும் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் முறை வரக் காத்திருக்க வேண்டும். மதினி புருஷனின் உடம்பு அதுவரை காத்திருக்காது. கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தபடியே கிடந்தார்.

"எழுதிக் குடுத்துருதேன் ஏளா" என்றாள் மதினி.

"அவசரப்படாதிய மதினி. நீங்களா விட்டதா எழுதுனா அந்த உதவி வராது. அந்தப் பிள்ளை சொல்லுச்சுல்லா."

"எழுதாட்டா மட்டும் வருதாக்கும்?"

அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். பேனாவை அவள் கையில் கொடுத்தது நான்தான், அவளிடம் பேனா இல்லை. வந்த சேமநிதி சில மாதச் சிகிச்சைக்குப் போதுமாக இருந்தது. அதற்குள் அரசு ஆஸ்பத்திரியில் முறையும் வந்தது. ஆனால் அவள் புருஷன் அதற்குப் பிறகு நடமாடவில்லை. மழை பிடித்த ஒரு விடியற்காலையில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஆட்டோ வந்து வாசலில் நிற்கும்போது, சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார். ஆட்டோக்காரர்தான் ஓடிவந்து எங்களையெல்லாம் கூப்பிட்டார். முன்பே முறையாகச் சிகிச்சை நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. டாக்டர்களிடம் மதினி அதைக் கேட்கவே இல்லை.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் என்ன கிடைத்துவிட்டது! ஒருநாள் லாரிகள் வந்து நாங்கள் நின்று வேலை பார்த்த இயந்திரங்களைப் பிரித்து ஏற்றிப் போயின. கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ வாங்கியிருக்கிறாராம். இனி யாரும் மறுக்க முடியாதே என்று மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பெண் மாற்றலாகிப் போயிருந்தாள். வேறொருவர் இருந்தார். கேட்டுவிட்டு, "மில்லு பணம் கட்டி ரொம்ப நாளாயிட்டேம்மா. கெடு தாண்டிப் போச்சு. நீங்க முன்னாலயே வந்திருக்கணும்" என்றார்.

முன்னால் வந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். சொல்லி முடித்தாலும் அவர் அதே பதிலைத்தான் சொல்ல முடியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மதினி களக்காட்டிலுள்ள தம்பி வீட்டோடு போய்விட்டாள். வாழைத்தார் மண்டியில் தார்களை இலைச்சருகு வைத்துக் கட்டும் வேலை. தார் வருகிற நாளில் கூலி. நான் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். நாள் முழுக்க நிற்க வேண்டும், அது எனக்குப் பழக்கம்தான். போன வாரம் கடை அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு, "வியாபாரம் மந்தமா இருக்கு தாயி, உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்க. வேலையவிட்டு யாரையும் எடுக்கல" என்றார்.

சரி அண்ணாச்சி என்றேன்.