கழுத்து நனையக் கூடாது

குறிஞ்சிப்பாடி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் கலைமணி லேசில் முகம் சுளிக்கிறவள் இல்லை. அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து வளர்ந்தவள். கொட்டைப் பால் பட்டுத் தோலுரிந்த கையாலேயே சோற்றைப் பிசைந்து தின்றவள். புருஷன் அன்புமணிக்குக் கிட்னி போனபிறகு வாந்தி, மூத்திரம் எல்லாம் அவள்தான் அள்ளினாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு ஆளைப் பார்த்தால் மட்டும் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் பாஸ்டர் சேரன்.

ஒரு காலத்தில் அவர் சொன்னால் வேதவாக்குதான். பரவனாற்றில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர். தண்ணீரில் அமுக்கும்போது அவளுடைய முழங்கை வெளியே நின்றுவிட்டது. “சிஸ்டர் முழுசா முழுகல, செல்லாது” என்று மறுபடி அமுக்கினார். மூக்கில் தண்ணீர் ஏறினாலும் அன்றைக்கு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு முழங்கைக்காகப் பரலோகத்தின் கதவைச் சாத்துவாரா கடவுள்?

சபைக்கு அவளை முதலில் கூட்டிப்போனதே அன்புமணிதான். லோடு இறக்குகிற வேலை அவனுக்கு. தனக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று அவன் கேட்டபோதெல்லாம் பாஸ்டர், “மொதல்ல பீடிய விட்டுட்டு வாங்க பிரதர்” என்று திருப்பி அனுப்பினார். அவன் விடுவான், கூட்டாளிகளோடு சேர்ந்ததும் மறுபடி பற்றவைப்பான். நல்ல உடம்போடு இருந்த வருஷமெல்லாம் இப்படியே போயிற்று.

கடைசியில் பீடியை விடவைத்தது வியாதி. சிதம்பரத்தில் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் ட்யூப் போட்டார்கள். நர்ஸ் பிரீதா, “அக்கா, இங்க தண்ணி படவே கூடாது. பட்டா கிருமி நேரா ரத்தத்துல போயிடும்” என்று எச்சரித்தாள். அதிலிருந்து ஈரத்துணியால் துடைப்பதுதான் அவனுக்குக் குளியல்.

பார்க்க வந்த பாஸ்டரிடம் அன்புமணி ஆசையாகக் கேட்டான். “பீடிய விட்டுட்டேன் பாஸ்டர். தலையில கொஞ்சம் தெளிச்சாவது குடுங்களேன்.”

“தெளிக்கிறது ஞானஸ்நானம் இல்ல பிரதர். முழுகணும்.”

“முழுகாம செத்துட்டா?”

“நான் சொல்லல. வசனம் சொல்லுது” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார் அந்த மனுஷன். சாகப்போகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? அன்றிலிருந்து அன்புமணிக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை, பயம்தான். “நரகத்துல ரொம்ப சுடுமா கலை?” என்று குழந்தை மாதிரி கேட்பான். 

அவள் சபைக்கே போய்க் கேட்டாள். “இயேசு பக்கத்துல சிலுவையில தொங்குன கள்ளன் எந்த ஆத்துல பாஸ்டர் முழுகுனான்? அவனுக்கு அன்னிக்கே பரதீசு கெடைச்சுதே.”

“அது இயேசு சிலுவையில மரிக்கறதுக்கு முன்னாடி, சிஸ்டர். இப்ப சட்டம் வேற.”

திருடனுக்கு ஒரு சட்டம், மூட்டை தூக்கினவனுக்கு ஒரு சட்டமா? த்தூ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. ஆள் படுக்கிற அளவுக்கு நீலத் தொட்டி, பிளாஸ்டிக் கவர், செலோடேப், வீடியோ எடுக்கச் செல்போனோடு ஒரு சபை ஆள். பாஸ்டர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“கழுத்துல கவரச் சுத்தி ஒட்டிட்டு ஒரே முழுக்கு. விசுவாசம் இருந்தா தண்ணி உள்ள போவாது, சிஸ்டர்.”

“அப்ப விசுவாசத்துக்கு எதுக்கு பாஸ்டர் செலோடேப்பு?”

செல்போன்காரன் செல்போனைத் தாழ்த்தினான். பாஸ்டரின் முகம் கறுத்தது. “இவரு ஆத்துமாவுக்கு நீங்கதான் கணக்கு சொல்லணும்.”

“சொல்லிக்கிறேன். தொட்டியத் தூக்குங்க.”

வண்டி போனதும் உள்ளே அன்புமணி விசும்பும் சத்தம் கேட்டது. “ஏன்டி அனுப்புன? செத்தா சாவுறேன், முழுகிட்டாவது சாவுறேன்டி.” அவளுக்கு அந்தத் தொட்டி மேலே, பாஸ்டர் மேலே, இத்தனை வருஷம் சபையில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் மேலேயே வெறுப்பு பொங்கியது.

குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். கழுத்தைத் துண்டால் மூடி, அவன் தலையை மடியில் வைத்து நிமிர்த்தினாள். நெற்றியில் சொட்டுச்சொட்டாக விட்டு, வழிந்ததை முந்தானையில் ஒற்றினாள். “பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே…” பாஸ்டர் சொல்கிற மாதிரி புருஷனை ‘உனக்கு’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. “உங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன், மாமா.”

அன்புமணி நெற்றி ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“இது அங்க செல்லுமா கலை?”

“செல்லும். செல்லாதுன்னு சொன்னா, நீங்க இல்லாத அந்த எடத்துக்கு நானும் போவல.”