மூத்தவள் எடுத்த கம்பெனிப் படம்

கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பதில் மூத்த மருமகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்து முடித்ததும் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் முதலாளியின் வாயிலிருந்து பிடுங்காமல் கேமராவைத் தொடமாட்டாள். "எங்க தாத்தா காலத்துல" என்று ஆரம்பிக்கிற முதலாளிகளை நைசாக மடக்கி, மொத்தப் படத்தையும் மூன்றே நிமிடத்தில் அடக்கிவிடுவாள்.

வெளியே இவ்வளவு நல்ல பேர் வாங்கி என்ன? வீட்டில் இளைய மருமகள்தான் ஒசத்தி. அவள் சிரித்தால் வீடே சிரிக்கும். மூத்தவள் சிரித்தால் "என்ன விஷயம்?" என்று மாமியார் விசாரிப்பார். மூத்தவளுக்குப் பொறாமை. அதை மறைக்கும் சாமர்த்தியமும் கிடையாது.

இந்த லட்சணத்தில், இளையவள் வேலை பார்க்கும் சக்கர நாற்காலித் தொழிற்சாலையிலிருந்தே படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மருத்துவமனைகளுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய படம். பிடித்துப்போனால் அந்த முதலாளியின் மற்ற தொழிற்சாலைகளின் பட வேலையும் மூத்தவள் கைக்கு வரும்.

"சோதனைப் பிரிவுல ஒரு பொண்ணு இருக்கா, அவளப் பேச வைங்க" என்றார் முதலாளி. யாரென்று பார்த்தால் இளையவள்! இங்கேயுமா என்று மூத்தவளுக்கு முகம் சுண்டிப்போனது. மைக்கை மாட்டிவிட்டு, எழுதி வைத்திருந்த கேள்வியை ஓரங்கட்டினாள். திணறட்டும் என்றே வேறொன்று கேட்டாள்.

"தினமும் இதே நாற்காலியத்தானே தள்ளித் தள்ளிப் பாக்கற? வெறுத்துப் போகல உனக்கு?"

இளையவள் பக்கத்திலிருந்த சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"தள்ளிப் பாக்கறதோட விடமாட்டேன். ஒவ்வொண்ணுலயும் ஏறி உக்காந்து பாப்பேன். சரியில்லன்னா நான் எந்திரிச்சிடலாம். உக்காரப் போறவங்களால முடியாதே."

ஓரமாக நின்றிருந்த முதலாளி தலையை ஆட்டினார். மூத்தவள் 'கட்' சொல்லவே மறந்துவிட்டாள்.

எடிட்டிங்கில் முதல் வேலையாக அந்தத் துண்டைத் தூக்கச் சொன்னாள்.

"மேடம், படத்தோட உயிரே இதுதான்" என்று எடிட்டர் கெஞ்சினார்.

"வெளிச்சம் சரியில்ல" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

ஆனால் அந்த வார்த்தைகளைக் கைவிட அவளுக்கு மனசில்லை. தொழில் தெரிந்தவள் அல்லவா? ஒரு தாளில் எழுதி, வாடகைக்கு அழைத்த மாடல் பெண்ணிடம் கொடுத்துப் பேச வைத்தாள். அந்தப் பெண்ணும் ஓர் எழுத்துப் பிசகாமல் அழகாகப் பேசினாள்.

முதலாளி முழுப் படத்தையும் பார்த்தார். "யாரோ எழுதிக் குடுத்து ஒப்பிக்கற மாதிரி இருக்கேம்மா. நம்ம பொண்ணு பேசினது எங்க? அது இல்லாட்டி நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

மூத்தவள் பொறாமையை விழுங்கிக்கொண்டு, வெட்டியதை எடுத்து ஒட்டினாள். படம் சக்கைப்போடு போட்டது, மற்ற தொழிற்சாலைகளின் வேலையும் வந்தது.

வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தார்கள். மாமியார் இளையவளின் கன்னத்தைக் கிள்ளினார். "எப்படிடி இப்படிப் பேசின?"

"அக்கா கேட்டாங்க அத்தை. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. தானா வந்துடுச்சு."

மாமியார் மறுபடி ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "இவ எங்கடி கேட்டா? நீயாத்தான பேசற?"

இந்த மாதிரிப் படங்களில் கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும்தான் வைப்பார்கள். மூத்தவளும் அப்படித்தான் வெட்டியிருந்தாள். அதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். என்ன கேட்டே என்று அடுத்துக் கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? இளையவள் வேறு, சொல்லுங்கக்கா என்பதுபோல் வாயெல்லாம் பல்லாக இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல அத்தை" என்றாள் மூத்தவள். "அவளாத்தான் பேசினா."