வாடை என்றால் வடக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்லுவாள். இப்போது அது முழுக்க என் மேல்தான். காரணம், என் கம்ப்யூட்டரில் நானே அடித்து வைத்த ஒரு வரி.

ஆன்டெனா வடிவமைப்பது என் வேலை. சாதாரண ஆன்டெனா அலைகளை நாலாபக்கமும் இறைத்துவிடும். நாங்கள் செய்துகொண்டிருப்பது வேறு வகை. அலைகளை ஒரு கற்றையாகக் குவித்து, வேண்டிய பக்கம் திருப்பும். குவித்தால் வெகுதூரம் எட்டும், ஆனால் கற்றை விழாத பக்கம் அதற்குச் செவிடு. அதைக் கடலில் சோதிக்க, திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கிழக்கே பார்த்து ஒரு பலகையை நிறுத்தினேன். அண்ணனின் மீன்பிடி வள்ளத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தினேன். செல்போன் டவர் கைவிட்ட பிறகும் அவன் பலகை வழியாக என் போனில் வீட்டோடு பேசலாம்.

பலகை அசைவதில்லை. அதில் வரிசையாக இருக்கும் செம்புச் சதுரங்களுக்கு சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சம் பிந்தி அனுப்பினால் போதும், கற்றை சாய்ந்துவிடும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புவது மாதிரி என்று அண்ணனுக்குச் சொன்னேன்.

“அப்போ ஒன் பலகை கண்ணடிக்குதுன்னு சொல்லு” என்று சிரித்தான்.

வள்ளம் நிற்கும் இடத்தைப் பெட்டி தானாகவே சொல்லும். தொடர்பு அறுந்துவிட்டால் மட்டும் எந்தப் பக்கம் தேடுவது என்று நாம் சொல்ல வேண்டும். கடல்காரர்கள் டிகிரியிலா பேசுகிறார்கள்? அவர்கள் வார்த்தைகளையே அடித்து வைத்தேன். கொண்டல் என்றால் கிழக்கு. வாடை என்றால் வடக்கு. ஆய்வகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது.

அது மார்கழி. அம்மாவின் இருதயத்துக்கு இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். அண்ணன் கடலுக்குப் போகாமல் கட்டிலடியிலேயே கிடந்தான். அம்மாதான் விரட்டினாள். “எம் மூஞ்சியவே எத்தன நாளு பாப்ப? போலே, போய்ப் பொழப்பப் பாரு.”

விடியலில் போனவன், வெயில் ஏறியதும் பெட்டி வழியாகப் பேசினான். “ஏளா, வலைய விட்டாச்சு. வாடையில போய்க்கிட்டு இருக்கோம். அம்மா கஞ்சி குடிச்சாளா?” குடித்தாள் என்று சொல்வதற்குள் தொடர்பு போய்விட்டது. அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவன் கொரல ஒரு தடவ கேட்டுருதேன்” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாடிக்கு ஓடினேன். பெட்டி கடைசியாகச் சொன்ன இடத்தில் வள்ளம் இப்போது இல்லை. கடல் முழுவதையும் துழாவச் சொன்னால் அரை மணி நேரமாகும். அதற்கு ஏது நேரம்? அவன்தான் வாடை என்று சொன்னானே. வாடை என்று அடித்தேன். கற்றை வடக்கே சாய்ந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் வடக்கே. ஒன்றுமில்லை. பாழாய்ப்போன பலகையே என்று அதை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒயர்களைப் பிடுங்கி மறுபடி செருகினேன். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று எண்ணிப் பார்க்க எனக்கு இன்றும் தைரியமில்லை.

அம்மாவின் தங்கை, என் சித்தி, குசினியிலிருந்து ஈரக்கையோடு மேலே வந்தாள். “இன்னும் கிடைக்கலையா? எங்கன நிக்கானாம்?”

“வாடையில போறேன்னான் சித்தி. வடக்கதான் தேடுதேன்.”

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். “அடி கூறு கெட்டவளே! வாடை வடக்க இருந்துலா வருது? அதுல போனா வள்ளம் தெக்கலா போவும்!”

திரேஸ்புரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது. கடற்கரையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். படித்துப் படித்து, காற்றின் பெயரை வரைபடத்தின் மூலையாக்கி வைத்திருந்தேன்.

சித்தி கீழே இறங்கிப் போனாள். நான் கற்றையைத் தெற்கே திருப்பினேன். சிறிது நேரத்தில் சிக்னல் ஏறியது.

“என்னளா?” என்றான் அண்ணன், பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி.

“அம்மா ஒங்கூடப் பேசணுமாம்” என்று கத்திக்கொண்டே போனோடு படியிறங்கினேன். அறை வாசலில் கால் நின்றுவிட்டது. சித்தி அம்மாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாள்.

“அம்மாட்ட குடுளா” என்றான் அண்ணன்.

என்ன செய்வேன்? போனை அம்மாவின் காதில் வைத்தேன். சித்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“அம்மா, நான்தான். நல்ல சீலா மீனு பட்டிருக்கு. ஒனக்குப் புளி கம்மியாப் போட்டுக் கொழம்பு வைக்கச் சொல்லுதேன். இன்னா, வந்துருதேன். கேக்குதாம்மா?”

கேட்குது அண்ணே என்று நான்தான் சொன்னேன்.

கரைக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் பேசி முடித்ததும் அம்மா போய்விட்டாள் என்று சித்தி சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.

கம்ப்யூட்டரில் அந்த வரியை அன்றைக்கே திருத்திவிட்டேன். அண்ணனிடம் திருத்த முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அவன் என் தோளைத் தொட்டுச் சொன்னான், இன்றும் சொல்கிறான்: “எந் தங்கச்சி பலகை இல்லன்னா எங்கம்மா எங்கொரல கேக்காமலே போயிருப்பா.”