நீலம் பாய்ந்த முகங்கள்

ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் இருக்கும் முகம் ஸ்டுடியோ அக்கா எடுத்ததுதான். "சிரிக்காதீங்க, பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?" என்று அதட்டியே எடுப்பாள். முடக்குவாதத்தில் அவள் விரல்கள் கொக்கியாக மடங்கியபோது, கடையை மூட வேண்டியதுதான் என்று கணவரே கைகழுவிவிட்டார். வாரம் ஒருமுறை விழுங்கிய மாத்திரைதான் விரல்களை நிமிர்த்தியது. அது ஈரலைக் கெடுக்கலாம், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். வலிதான் போய்விட்டதே! வருடக்கணக்கில் அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கிக்கொண்டாள்.

கடை திறந்ததும் தன்னையே ஒரு படம் எடுத்து விளக்கைச் சரிபார்ப்பது வழக்கம். ஒரு காலை, படத்தில் அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. விளக்கைத் திட்டினாள். பல்பை மாற்றினாள், பின்னால் தொங்கிய துணியை மாற்றினாள். மஞ்சள் போகவில்லை. ஆளில்லாத கடையில், கணினித் திரைக்குள்ளிருந்து வேறு யாரோ ஒருத்தி தன்னையே பார்ப்பது போலிருந்தது. கேமராவுக்குத்தான் கேடு என்று முடிவுகட்டி, அந்தக் கண் வெள்ளையாகத் தெரியும்வரை நீலத்தைக் கூட்டி நிறத்தைத் திருத்தினாள். அன்று எடுத்த எல்லாப் படங்களுக்கும் அதே அளவு.

மாலையில் பக்கத்துக் கடைத் தையல்காரர் தன் படத்தோடு திரும்பி வந்தார்.

"என்னக்கா இது, செத்தவன எழுப்பி உக்கார வச்சு எடுத்த மாதிரி இருக்கு?"

சிரித்துக்கொண்டே மேசையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அன்றைய முகங்கள் அத்தனையும் நீலம் பாய்ந்து, உதடு கறுத்து, கண்ணைத் திறந்துகொண்டு வரிசையாகக் கிடந்தன. வாசல் வெளிச்சத்தில் தையல்காரரோ செக்கச்செவேலென்று நின்றார்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. உங்க கண்ணு ஏன் இவ்வளவு மஞ்சளா இருக்கு?"

விளக்கிலும் கேடில்லை, கேமராவிலும் கேடில்லை. அவள் தன் விரல்களை நீட்டிப் பார்த்தாள். மாத்திரை போனால் இவையும் போகும். நினைக்கவே அழுகை முட்டியது.

"ஈரல் தழும்பேறிப் போச்சும்மா," என்றார், பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர். "அந்த மாத்திரைய இனிமே தொடவே கூடாது."

"அப்போ என் விரலு?"

"மொதல்ல உயிர் இருக்கட்டும்மா."

இப்போது விரல்கள் மறுபடி மடங்கிவிட்டன. பொத்தானைக் கணவர் அழுத்துகிறார், அதட்டல் மட்டும் அவளுடையது. காலையில் முதல் படமும் அவளுடையதுதான். மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் அதைத் திருத்தப் போனார் கணவர். அவள் மடங்கிய விரல்களால் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க. அவ பாத்துக்கிட்டே இருக்கட்டும்."