சுண்டுவிரலும் முகூர்த்தப் புடவையும்

என் வீட்டுக்காரரின் கால் சுண்டுவிரல் புண் மூன்றாவது முறையாக மூடியபோது மைசூர்பாக்கு வாங்கிவந்தார். சர்க்கரை நோயாளி இனிப்பு வாங்கிக் கொண்டாடுகிறாராம்! டப்பாவைப் பிடுங்கி மாடி வீட்டுக்குக் கொடுத்தேன்.

"பாரு, மூடிக்கிச்சு. வலியும் இல்ல" என்று இடது காலை நீட்டினார். மூடித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுண்டுவிரல் இரண்டு மடங்கு பருத்து, சிவந்து, தொட்டால் சுட்டது. வலி இல்லை என்றாரே, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் மயிலாப்பூர் மாட வீதியைச் சுற்றிவந்த மனிதர். காலில் உணர்ச்சியே இல்லாதவருக்கு எங்கிருந்து வலிக்கும்?

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. சும்மா கிளப்பாத" என்றார்.

"மூடி மூடித் திறந்துக்கினு கீதுன்னா உள்ள என்னமோ இருக்குன்னுதான் அர்த்தம். எழுந்திருங்க!"

அடையாற்றில் கால் புண்ணுக்கென்றே பார்க்கும் டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனேன். அவர் தோலை லேசாகக் கீறினார், சீழ் வந்தது. மெல்லிய ஸ்டீல் கம்பியை உள்ளே விட்டார். அது சதையில் நிற்காமல் போய்க் கெட்டியாக எதிலோ முட்டியது.

"எலும்பு. புண் வழியா எலும்பைத் தொட முடிஞ்சா, கிருமி அங்க போயிருக்கும்னு சந்தேகப்படணும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது" என்றார்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதையே சொல்லின. மருந்து மட்டும் போதாதா என்று கேட்டேன். சிலருக்குப் போதுமாம், இவருக்கு எலும்பு அரித்துவிட்டதால் விரலை எடுத்துவிட்டு, எந்தக் கிருமி என்று பார்த்து அதற்கேற்ற மருந்து தர வேண்டுமாம். தள்ளிப்போட்டால் பாதத்துக்கு ஏறிவிடும்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் "மாட்டேன்" என்றார். தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு அவருக்கு. மெத்தைமேல் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் புடவை விரிக்க வேண்டும். கைராசிக்காரர் என்று அவரைக் கேட்டுவந்து முகூர்த்தப் புடவை எடுப்பார்கள்.

"கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்க முன்னாடி குறைக்காலை வெச்சுக்கினு உட்காரச் சொல்றியா? எவ வாங்குவா?" கண் கலங்கிவிட்டது அவருக்கு.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு விரல் இல்லாம மெத்தையில உட்காரலாம். பாதமே இல்லாம மெத்தை வரைக்கும் எப்படிப் போவீங்க?" என்று ஒரு போடு போட்டேன்.

"அக்கா சொல்றது கரெக்ட்டு சார்" என்றார் ஆட்டோக்காரர், கண்ணாடியில் பார்த்தபடி. அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது.

பல வாரம் ஊசி, மாத்திரை. சர்க்கரையை நான் பிடித்த பிடியில் அது ஆட்டம் போடவே இல்லை. காலைத் தரையில் ஊன்றவும் விடவில்லை. காயம் ஆறி, டாக்டரம்மா சரி என்ற பிறகுதான் கடைக்கு அனுப்பினேன்.

முதல் நாள் இடது காலைப் புடவைக் குவியலுக்கு அடியில் ஒளித்துக்கொண்டே வியாபாரம் செய்தாராம். மகளைக் கூட்டிக்கொண்டு முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு அம்மா வந்திருக்கிறார். மகள் ஒரு புடவையை இழுக்க, கால் வெளியே தெரிந்துவிட்டது. அந்த அம்மா அதையே பார்த்தாராம். இவர் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாராம்.

"சர்க்கரையா?" என்று கேட்டாராம். "எங்க வீட்டுக்காரருக்கும் விரல்லதான் ஆரம்பிச்சுது. வலி இல்ல, வலி இல்லன்னே விட்டுட்டார். கல்யாணம் பார்க்க இப்ப அவர் இல்ல." பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "முகூர்த்தப் புடவையை நான் தொட்டு எடுக்கக் கூடாதும்பாங்க. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றாராம்.

என் வீட்டுக்காரர் காலை நன்றாக வெளியே எடுத்து மெத்தைமேல் வைத்துக்கொண்டு சொன்னாராம்: "உங்க பொண்ணுக்கு நீங்களே எடுங்கம்மா."