எந்தப் புண்ணுக்கு முதலில் கட்டு

சஃபியா நர்ஸ் வேலைக்குப் போனது கூத்தாநல்லூரில் அவள் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. "ஆம்பளைங்க புண்ணைத் துடைக்கிறதுக்கா பொண்ணைப் படிக்க வச்சீங்க?" என்று கேட்டவர்களுக்கு அவள் தந்தை முகம்மது யூசுப் பதிலே சொன்னதில்லை. காலையில் மகளை பஸ் ஏற்றிவிட்டுத் தன் துணிக்கடையைத் திறக்கப் போய்விடுவார். மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் அரசு மருத்துவமனையில், ஆண்கள் அறுவைப் பிரிவில், கட்டு மாற்றுவது அவள் பொறுப்பு.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கூலி உயர்வும் குத்தகைச் சட்டமும் மேடைகளில் முழங்கின. வயலில் கணக்கு வேறாக இருந்தது. அந்த வருஷம் சம்பா அறுவடைக்கு ஒரு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். உள்ளூர் ஆட்கள் செங்கொடியோடு வரப்பில் நின்று மறித்தார்கள். அன்று மதியம் மாட்டு வண்டியில் மாரியப்பன் வந்து சேர்ந்தான். வயிற்றில் வேல்கம்புக் குத்து, காயத்துக்குள் சேறும் வைக்கோலும். அவனுக்கு முன்பே ஜீப்பில் வந்துவிட்டவர் மிராசுதாரின் காரியஸ்தர் இராஜாங்கம். அவருக்குத் தொடையில் அரிவாள் வெட்டு.

டாக்டர் இருவருக்கும் அறுவை செய்தார். இராஜாங்கத்தின் தையல் சுத்தமாக இருந்தது. மாரியப்பன் பிழைத்தான், ஆனால் வயிற்றுப் புண் சீழ் வைத்துவிட்டது. அவனைக் குத்தியது இராஜாங்கம்தான் என்று சேரி முழுக்கச் சொன்னது. இராஜாங்கத்தை வெட்டியதாகப் பிடிபட்டு ஜெயிலில் கிடந்தவன் நாகநாதன், மாரியப்பன் மனைவி நாகம்மாளின் தம்பி. மருத்துவமனையில் இருந்தது ஒரே வார்டு. இருவரையும் ஆளுக்கொரு கோடியில் படுக்க வைத்து நடுவில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்தார்கள்.

சஃபியா தள்ளுவண்டியோடு காலையில் இராஜாங்கம் பக்கமிருந்து ஆரம்பிப்பாள். சுத்தமான புண்கள் முதலில், சீழ்ப்புண் கடைசியில். அது டாக்டர் வைத்த ஒழுங்கு. மாரியப்பனிடம் வரும்போது உச்சி வேளை ஆகிவிடும். அதற்குள் அவன் கட்டு நனைந்து ஈ மொய்க்கும். நாகம்மாள் முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டே வார்டின் மறுகோடியைப் பார்த்தபடி இருப்பாள்.

ஒரு நாள் அவள் எழுந்து வந்து வண்டியை மறித்தாள். "ஏங்க நர்சம்மா, குத்துன ஆளுக்கு மொத உபசாரம், குத்து வாங்குனவனுக்குக் கடைசியா? இங்கயும் அவங்க ராச்சியம்தானா?"

"அப்படி இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் புண்ணுல சீழ் இருக்கு. அதைத் தொட்டுட்டு இன்னொருத்தரைத் தொட்டா அவருக்கும் ஒட்டிக்கும். அதனாலதான்."

நாகம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. "தொட்டா ஒட்டிக்குமா? எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இதத்தாம்மா சொல்றாங்க. நீ வெள்ளச்சேல கட்டிக்கிட்டுச் சொல்ற. அவ்வளவுதான்."

சஃபியா சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை அந்த மனுஷியின் காதில் எப்படி விழுந்தது என்பது புரிந்ததும் உடம்பு கூசியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

இரண்டொரு நாளில் குத்தினவனுக்கே முதல் கட்டு என்ற பேச்சு வெளியே பரவிவிட்டது. கேட்டில் செங்கொடிகளோடு கூட்டம் சேர்ந்தது. டாக்டர் சாட்சி சொல்ல தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். தலைமை நர்ஸ் பிரகதாம்பாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்தாள்.

"சஃபியா, இன்னிக்கு ஒரு நாள் அவனை முதல்ல பாத்துடு. அவங்க கண்ணால பாத்தா கலைஞ்சு போயிடுவாங்க."

"அக்கா, டாக்டர் வந்தா..."

"வார்டுல கல்லு விழுந்தா டாக்டரா வந்து தாங்குவார்? கையை நல்லாக் கழுவிக்கோ. இடுக்கியைக் கொதிக்க வை. போ."

சஃபியா அப்படியே செய்தாள். மாரியப்பனின் கட்டைப் பிரித்து, சீழைத் துடைத்து, மருந்தில் நனைத்த துணியைப் புண்ணுக்குள் வைத்து மூடினாள். வாசலில் நின்று பார்த்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்கள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். இடுக்கிகளைத் தண்ணீரில் போட்டு ஸ்டவ்வில் வைத்தாள். தீ மந்தமாக எரிந்தது. மறுகோடியில் இராஜாங்கத்தின் ஆட்கள், "இப்ப நாங்க கூட்டம் சேக்கணுமா?" என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். தண்ணீர் முழுசாகக் கொதிக்கும் முன்பே அவள் இடுக்கியை எடுத்து இராஜாங்கத்தின் கட்டை மாற்றினாள்.

வாரம் முடிவதற்குள் இராஜாங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. தையல் சிவந்து வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது. டாக்டர் சில தையல்களைப் பிரித்துவிட்டு பென்சிலின் ஊசி எழுதினார். சஃபியா அவர் அறைக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. அந்தாளு கட்டுக்குள்ள விரலை விட்டுச் சொறியறதை நானே பாத்தேன். அதனால இல்லேன்னும் சொல்ல முடியாது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஜுரம் ரத்தத்துல ஏறி ஆள் போயிட்டா, கேஸ் கொலைக் கேஸாயிடும். அந்தப் பையன் கதி என்னன்னு யோசிச்சியா?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. இராஜாங்கத்தின் உயிர் போனால் நாகநாதனின் கழுத்துக்குக் கயிறு வரும்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த நாகம்மாளிடம் போய்ச் சொன்னாள். கூட்டத்துக்குப் பயந்து முறையை மாற்றியதையும், இடுக்கி கொதிக்காததையும், இராஜாங்கத்தின் ஜுரத்தையும் சொன்னாள். நாகம்மாள் பிழிந்த துணியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவன் செத்தா எந் தம்பிக்குத் தூக்கா?"

"அப்படியும் ஆகலாம்."

"அவன் சாகணும்னு மாரியாத்தாள தெனம் கும்புட்டேனேம்மா," என்றாள் நாகம்மாள். பிறகு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சஃபியாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கேட்டில் நின்றவர்களை நாகம்மாளே திருப்பி அனுப்பினாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. டாக்டர் மேலதிகாரிகளோடு சண்டை போட்டு இன்னொரு தட்டும் இடுக்கிகளும் ஸ்டவ்வும் வாங்கினார். சீழ்ப்புண்ணுக்குத் தனி சாமான், தனி நர்ஸ் என்று ஏற்பாடாயிற்று. இராஜாங்கம் இப்போது சீழ்ப்புண்காரராகிவிட்டதால் அவரும் மாரியப்பனும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் படுக்க வேண்டியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். தினமும் இருவருக்கும் கட்டு மாற்றியவள் சஃபியாதான். அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். நாகம்மாள் தினமும் கேட்பாள்: "அந்தாளுக்கு ஜுரம் எறங்கிடுச்சாம்மா?" அதில் அன்பு எதுவும் இல்லை.

மெல்ல ஜுரம் இறங்கியது. இராஜாங்கம் காலை இழுத்து இழுத்து நடந்து வீடு போனார். நாகநாதனுக்கு வெட்டியதற்கான தண்டனை மட்டும் கிடைத்தது. மாரியப்பனின் புண் அடியிலிருந்து சதை வளர்ந்து கடைசியாகத்தான் மூடியது. தழும்பு இருந்த இடம் பிதுங்கிக்கொண்டு நின்றதால் இனி குனிந்து அறுக்கவோ மூட்டை தூக்கவோ முடியாது என்றார் டாக்டர்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று சஃபியா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். மாரியப்பனை நிழலில் உட்கார வைத்துவிட்டு நாகம்மாள் அவளிடம் திரும்பினாள்.

"கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க நர்சம்மா. நீங்க அன்னிக்குச் சொன்ன வார்த்தை இன்னும் இங்க கெடக்கு," என்று நெஞ்சைத் தொட்டாள். "நீங்க வந்து உள்ளதச் சொன்னதும் கெடக்கு."

சஃபியாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் திருத்துறைப்பூண்டி பஸ் வந்துவிட்டது. கணவனின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு நாகம்மாள் படியேறினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.